பார்த்திராத பாம்புக்கு

கொரொனாதோ மேட்டில் நாலு மணிக்கே மேகம் இறங்கிவிடும்.
லாயத்துத் தகரக் கூரையில் மழை,
கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசவு மாதிரி.
யோர்லெனி பிடரிமயிரை ஒதுக்கி
நாற்பத்தோராம் எண் குதிரையின் தோலடியில்
ஊசியைச் செருகுகிறாள்.
தெர்சியோபெலோ விஷம், கடுகில் பாதி.
தெர்சியோபெலோ என்றால் வெல்வெட்.
அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பாம்புக்கு.

குதிரை காதைத் திருப்பியது. வைக்கோலை விடவில்லை.

பெயர் தினாஹா. குவானகாஸ்தே ஏலத்தில் வாங்கியது.
இதன் முன்னோர் கப்பலில் வந்தவர்கள்,
அதற்கும் முன்னால்
பனியைக் குளம்பால் கிளறிப் புல் தின்றவர்கள்.
அந்தப் பனிக்காரர்கள் எவரும் இந்தப் பாம்பைக் கண்டதில்லை.
பிறகு எப்படி
இதன் மஜ்ஜைக்குள் அந்தப் பல்லுக்கு ஒரு பதில்?

பதில் எழுதி வைக்கப்படவில்லை.
துண்டுகள்தான் உண்டு.
முதல் துண்டுகள் கொஞ்சம், நடுத்துண்டுகள் கொஞ்சம்,
கடைத்துண்டுகளை விரல்விட்டே எண்ணலாம்.
ஒவ்வொரு செல்லும் வளர்கையில்
தன் மரபணு நாடாவைத் தானே வெட்டுகிறது.
கைக்கு வந்த ஒரு நடு, ஒரு கடை,
பிறகு ஒரு முதல்,
இழுத்து முடிச்சுப் போடுகிறது.
இடையில் கிடந்தது வளையமாய்ச் சுருண்டு உதிரும்.
திரும்ப ஒட்ட வழியில்லை.

முடிச்சு விழும் இடத்தில்தான் விஷமமெல்லாம்.
நிலைமொழியை வருமொழி தொடும்போது
நம் இலக்கணம் மூன்று சொல்லும்:
தோன்றல், திரிதல், கெடுதல்.
இங்கேயும் நுனி கொறிபட்டு இரண்டெழுத்து கெடும்.
எந்த மூலத்திலும் இல்லாத நாலெழுத்து தோன்றும்.
விதிதான் கிடையாது.
பூவும் கொடியும் பூங்கொடி ஆகலாம்,
பூக்கொடி ஆகலாம்,
பொருளே இல்லாத ஓர் இருமலும் ஆகலாம்.

இருமல்தான் அதிகம்.
மூன்றுக்கு இரண்டு முடிச்சு வாசிக்கவே வராது.
வாசிக்க வந்ததிலும் சில
சொந்த உடம்பையே ஏசும். அவற்றின் வாயை மஜ்ஜை அடைக்கும்.
மிச்சமுள்ள கோடிகள் இரத்தத்தில் அலைகின்றன
கேள்வி என்னவென்று தெரியாமலே
பதிலைக் கையில் பிடித்தபடி.

அதில் ஒன்றின் கை விஷத்தில் மாட்டியது.
தளர்ந்த பிடிதான், நழுவுகிற பிடி.
போதும்.
கழுத்தோரக் கணுவில் அது பெருகத் தொடங்கியது,
பெருகும்போதே பிழையாய்ப் படியெடுத்தது.
இறுகப் பிடித்த பிழைக்குச் சோறு.
மற்றதெல்லாம் பட்டினி.

இரண்டாம் முறை இரத்தம் எடுக்க வந்த அன்று
எலியேசர் அதன் வயிற்றில் கைவைத்துப் பார்த்து
“உள்ளே ஆள் இருக்கு” என்றான்.
ஏலக்காரன் சொல்லவே இல்லை.
யோர்லெனி பதிவேட்டில் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

ஏற்கெனவே எடுத்திருந்த ஆறு லிட்டர்
முப்பது குதிரைகளின் இரத்தநீரோடு கலந்து, வடிகட்டப்பட்டு,
சரப்பிக்கி ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டிக்குப் போய்,
அங்கிருந்து
அன்னாசிக்காட்டு வேலையாள் செபெரினோ பெஹரானோவின்
கைநரம்புக்குள் போனது.
பத்துக் குப்பி.
கால் தப்பியது. ஒரு விரல் தப்பவில்லை.

குட்டி ஒரு ஞாயிறு விடியலில் விழுந்தது,
நாலு காலும் நாலு திசை.
தாய் படித்த பாம்பு அதன் மரபணுவில் இல்லை.
கொண்டுவந்ததெல்லாம் பழைய துண்டுகள்,
வரிசையாய், கத்தி படாமல்.
யோர்லெனி அதன் மூக்கை மடிக்கு நெட்டித் தள்ளினாள்.
முதல் சில மணிநேரம்தான் குடல் கதவைத் திறந்து வைத்திருக்கும்.
சீம்பால் மஞ்சளாய், பிசுக்காய் இறங்கியது
செபெரினோவுக்குப் போன அதே பதிலோடு.
கடன்தான் இது. சில மாதத்தில் தீர்ந்துவிடும்.

குட்டி குடித்தது, தும்மியது.
அந்தத் தும்மல் நேரத்தில்
அதன் மஜ்ஜையில் எத்தனை செல் எங்கெங்கே வெட்டினவோ.
அவற்றுக்கான கேள்விகள்
எந்தக் காட்டில் இன்னும் முட்டையாகக் கிடக்கின்றனவோ.

பதிவேட்டில் பெயர் என்ற கட்டம் காலி.
எலியேசர் இதுவரை மூன்று சொல்லிப் பார்த்துவிட்டான்,
ஒன்றும் ஒட்டவில்லை.
ஈர வைக்கோலை வாரியபடி
நாலாவதை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறான்.